சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

முன்னறை ஜன்னலைச் சாத்த முடியாமல் மகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்தால், துக்கம் கேட்க வருகிறவர்கள் பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவை விட்டுவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஆஸ்பத்திரியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. கத்திக் கூப்பிட்டால் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். முன்பு தெருமுனையில் ரயில்வே கேட் இருந்தது. அப்பா கண்டக்டராக இருந்த ஏழாம் நம்பர் பஸ் அதன் வழியாகத்தான் போகும். மேம்பாலம் கட்டியபோது கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். பாலம் தெருவின் தலைக்கு மேலே போகிறது. இறங்குவதற்கு வழி வைக்கத்தான் எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. நாற்பது வீடுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நேற்றுக் காலை அப்படிச் சுற்றிப் போன ஆம்புலன்சில்தான் அப்பாவின் உயிர் பிரிந்தது.

கேட்டைத் திறக்கச் சொல்லிப் பதினோரு வருஷமாக வழக்கு நடத்தியவர் அவர். அந்த வழக்கில் அவருக்கு வலது கையாக இருந்த தையல்காரர், நோட்டோடு வந்து அவளருகில் உட்கார்ந்தார்.

"இப்ப கேக்கக் கூடாதுதாம்மா. ஆனா வியாழக்கிழமை வாய்தா. ஆம்புலன்ஸ் எப்பக் கெளம்புச்சு, எப்பப் போய்ச் சேந்துச்சு? கூடப் போனவங்க வாயால சொன்னாத்தான் கோர்ட்டுல எடுத்துக்குவாங்க."

அவளுக்கு இரண்டும் தெரியும். இதற்கு முன் இதே வழக்கில் இப்படி நேரம் சொல்லிச் சாட்சியான நாலு பேரும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது வாயைத் திறந்தால் வாய்தாவுக்கு வாய்தா அவள்தான் கோர்ட் படியேற வேண்டும். அவள் கைப்பையில் மாற்றல் உத்தரவு இருந்தது. கடலோர ஊர் ஒன்றின் தபால் நிலையம். ஆறு வருஷம் கேட்டுக் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாளாகத் தவித்தாள். இனிச் சொல்லவே வேண்டாம் என்று ஆம்புலன்சிலேயே ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் போய்விட வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை.

"கவனிக்கல மாமா," என்றாள்.

தையல்காரர் நம்பிவிட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பரவால்லம்மா. அந்தப் பதட்டத்துல யாரு கடிகாரம் பாப்பாங்க? ஒங்கப்பா ஒருத்தர்தான் பாப்பாரு."

நோட்டை மூடிவிட்டு எழுந்தார். பெஞ்சிலிருந்து சரிந்து தொங்கிய அப்பாவின் இடது கையை எடுத்து மார்பில் வைக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா?"

அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் எழுத்து கோணிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. புறப்பாடு 8.50. அதன் கீழே, சேர்ந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் ட்ரிப் ஷீட் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார். ஆம்புலன்சில் பேனா கேட்டுக் கை நீட்டியபோது, "கொஞ்ச நேரம் சும்மாப் படுங்கப்பா," என்று எரிந்து விழுந்துகொண்டேதான் அவள் கொடுத்தாள். அப்புறம் அவர் என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. முன்னால் நகராமல் நின்ற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் கையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது இருபத்தெட்டு," என்றாள் மகள்.

அவர் கையை மெல்ல மார்பில் வைத்தார். நோட்டை விரித்து எழுதி அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"வியாழக்கிழமை எத்தன மணிக்கு மாமா?"

"பத்தரைக்கும்மா. சுத்திட்டுத்தான போகணும், எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிடுவோம்."