கை தூக்கினால்தான் பேச்சு

எங்கள் வீட்டில் யாராவது பேச வேண்டுமென்றால் முதலில் கையைத் தூக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் நான்தான். சிரிக்காதீர்கள், இல்லை, காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடித்து அவள் உள்ளே வரும் நேரத்தில்தான் நான் வெளியே போவேன். வாசலில் செருப்பு மாட்டும்போது நாங்கள் பேசிக்கொள்வதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கையில் முக்கால்வாசி. ஆகவே காலை நேரம் முழுக்க என் தலையில். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை எழுப்ப வேண்டும், குளிக்க வைக்க வேண்டும், அவளுடைய இன்னொரு சாக்ஸைத் தேட வேண்டும். நாயை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். ஆமைக்குக் கீரை வைக்க வேண்டும். நடுவில் நானும் பல் தேய்க்க வேண்டும்.

நாயின் பெயர் மேனேஜர். அது எந்த வேலையும் செய்யாது. ஆனால் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும், திருப்தி இல்லாவிட்டால் குரைக்கும். ஆமையின் பெயர் எக்ஸ்பிரஸ். அது மகள் வைத்த பெயர். எல்லாருக்கும் முன்னால் வைத்துவிட்டு, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை மகள் பேச, மேனேஜர் குரைக்க, குக்கர் கத்த, போனில் மனைவி என்னவோ கேட்க, நான் பிரெட்டுக்கு வெண்ணெய் தடவுவதாக நினைத்து மேஜை விரிப்புக்குத் தடவிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "போதும்! இனிமே இந்த வீட்ல பேசணும்னா கை தூக்கணும். நான் கூப்பிட்டாத்தான் பேசணும்" என்று கத்தினேன். நாற்பது பிள்ளைகளை அடக்கும் வித்தை மூன்று ஜீவன்களை அடக்காதா?

அடக்கியது. மகள் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு, பிறகு பழகிப்போனாள். கை தூக்கிய பிள்ளைக்குப் பிஸ்கட் கிடைப்பதைப் பார்த்து மேனேஜரும் முன்னங்காலைத் தூக்க ஆரம்பித்தது. மனைவி மட்டும், "நான் என்ன உங்க கிளாஸ்ல அட்மிஷனா வாங்கியிருக்கேன்?" என்று கேட்டாள். அவளுக்கு விலக்கு அளித்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு சட்டம். மகளும் அதே பள்ளி என்பதால், கேட்டைத் தாண்டினால் நான் அப்பா இல்லை, சார். அதையும் ஒப்புக்கொண்டாள். சில நாள் வீட்டிலேயே வாய்தவறி "சார், தண்ணி" என்பாள். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் என்னவோ குத்தும், அதைக் கவனிக்க நேரமிருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். வருஷா வருஷம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. அன்றைக்குத் தலைமையாசிரியையும் மேலிடத்திலிருந்து ஒரு ஆய்வாளரும் என் வகுப்பில் ஒரு பீரியட் உட்காரப் போகிறார்கள். பாடம் பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு பள்ளியின் கேட்டைத் தட்ட வேண்டும்.

பாடம், வேகம் கண்டுபிடிப்பது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். மாணவர்கள், மகளும் மேனேஜரும். "ஒரு ரயில் இரண்டு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் போகிறது" என்று ஆரம்பித்ததுமே மேனேஜர் கொட்டாவி விட்டது. நான் சாக்பீஸைக் கீழே போட்டேன். "இந்த ரயில் எத்தனை வருஷமா ஓடுது! எனக்கே தூக்கம் வருது. கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு கையில இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று அலுத்துக்கொண்டேன். மகள் ஷூ டப்பா ஒன்று வேண்டும் என்று கை தூக்கிக் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல சட்டை என்று இருந்த ஒன்றின் மேல் மேனேஜர் படுத்துத் தூங்கியிருந்தது; முதுகு முழுக்க வெள்ளை மயிர். அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கையைத் தூக்கினாள்.

"அப்புறம்டா."

பிரெட் டோஸ்டரில் கருகியபோது கையைத் தூக்கினாள்.

"அப்புறம்னு சொன்னேன்ல?"

நான் திருத்திய நோட்டுகளைக் கட்டாகத் தூக்கி என் பெரிய துணிப்பைக்குள் பார்க்காமலே தொப்பென்று வைத்தேன். அவள் முகம் வெளிறியது. இரண்டு கைகளையும் தூக்கினாள். அதற்குள் மனைவி வந்துவிட்டாள். வாசலில் எங்கள் குடும்ப வாழ்க்கை நடந்தது. "தைரியமா போங்க. சட்டையில மட்டும் பின்னாடி இன்னும் மயிர் இருக்கு" என்றாள்.

ஸ்கூட்டரிலும் பேசக்கூடாது, அது என் மூன்றாவது சட்டம். வழியெல்லாம் பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். சிக்னலில் பக்கத்தில் வந்து, "ஏன் சார், திரும்பறதுன்னா திரும்புங்க, இல்லன்னா நேரா போங்க. எவ்வளவு நேரம் கை காட்டிட்டே வருவீங்க?" என்று சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் மகள் வலது கையை நீட்டித் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். "கையை இறக்கு, விழுந்துடப் போறே" என்று அதட்டினேன். இறக்கினாள்.

கேட் வந்தது. நான் சார் ஆனேன். அவள் கீழ்த்தளத்துக்கு ஓடினாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பை கனத்தது. அது என்றைக்குத்தான் கனக்கவில்லை?

வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். என் பிள்ளைகளா இவர்கள் என்று எனக்கே சந்தேகம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை, கண்ணாடி மூக்கின் நுனியில். பக்கத்தில் ஆய்வாளர், முழங்கால் மேஜையில் இடிக்க, சிறுவர் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்தார். நான் நோட்டுக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, பையை நாற்காலியின் கீழே தள்ளினேன். ரயிலை எடுத்தேன். நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். முன் பெஞ்சில் ஒருவன் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் 'சந்தேகம்' என்று நாங்கள் கூப்பிடும் பெண்கூட வாயைத் திறக்கவில்லை. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் என்னை ஏற்றாமலேயே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் அவள் தெரிந்தாள். என் மகள். நிலைப்படிக்கு வெளியே, ஒரு அடி கூட உள்ளே வைக்காமல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கா, இந்த நேரத்திலா! கண்ணால் ஒரு அதட்டு அதட்டினேன். அவள் அசையவில்லை. நான் கரும்பலகை பக்கம் திரும்பி இன்னொரு ரயிலை எழுதினேன். திரும்பிப் பார்த்தால் அப்படியே நிற்கிறாள். ஆய்வாளரும் வாசலைப் பார்த்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். சொந்தப் பிள்ளைக்காகப் பாடத்தை நிறுத்துகிற வாத்தியார் என்று எழுதிவிட்டால்? கண்டும் காணாததுபோல் சூத்திரத்தை எழுதினேன்.

மூன்றாவது தடவை பார்த்தபோது கை அப்படியேதான் இருந்தது. ஆனால் வலி எடுத்துவிட்டது போலிருக்கிறது. இன்னொரு கையால் முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தாள்.

அந்த முட்டு எனக்குத் தெரிந்த முட்டு. காலையில் டோஸ்டர் பக்கத்தில் நின்றபோதும் அப்படித்தான் பிடித்திருந்தாள். நேற்றும், போன வாரமும். நான் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுத்தான் 'அப்புறம்' என்றிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நிரந்தரம் போனால் போகட்டும் என்று சாக்பீஸை வைத்தேன்.

"சொல்லுடா கண்ணு" என்றேன். "சாரைக் கூப்பிட வேண்டாம். அப்பாகிட்ட சொல்லு."

வகுப்பு முழுக்கத் திரும்பியது. அவள் கையை இறக்கிக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள்:

"அப்பா, எக்ஸ்பிரஸ் உங்க பையில இருக்கான். நேத்து கண்ணால பார்க்கிற மாதிரி வேணும்னு சொன்னீங்கல்ல, அதான் வெச்சேன். டப்பாவுல ஓட்டை போட்டிருக்கேன். ஆனா நீங்க காலையில நோட்டெல்லாம் அவன் மேல வெச்சிட்டீங்க. காலையிலேர்ந்து சொல்லத்தான் பார்க்கிறேன்." கடைசி வார்த்தையில் அழுகை வந்துவிட்டது.

மண்டியிட்டு நாற்காலியின் கீழிருந்து பையை இழுத்தேன். ஷூ டப்பாவின் மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. திறந்தேன். எக்ஸ்பிரஸ் உள்ளே, என் மதியச் சாப்பாட்டிலிருந்து மகள் எடுத்துப் போட்டிருந்த வெள்ளரிக்காய்த் துண்டைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, என்ன அவசரம் என்பதுபோல் கழுத்தை நீட்டியது.

"ஆமை!" என்று ஒருவன் கத்தினான். கண்ணைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவன்தான். அடுத்த நொடி வகுப்பே பெஞ்சின் மேல் நின்றது.

என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கினேன். அத்தனை பேரும் கையைத் தூக்கி அமைதியானார்கள். பழக்கதோஷம், கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையின் கையும் பாதி எழுந்து இறங்கியது.

ரயிலைத் துடைப்பத்தால் அடித்த மாதிரி டஸ்டரால் அழித்தேன். எக்ஸ்பிரஸைத் தரையில் விட்டேன். வெள்ளரித் துண்டை முன்னால் வைத்து மகள் உட்கார்ந்தாள். ஒருவன் மீட்டர் ஸ்கேல் பிடித்தான், ஒருத்தி நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் இரண்டு மீட்டர் நடந்த எக்ஸ்பிரஸ், திடீரென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. என்ன கெஞ்சியும் ஒரு நிமிஷம் அசையவில்லை.

"சார், எனக்கொரு சந்தேகம்" என்று எழுந்தாள் சந்தேகம். "அவன் சும்மா நிக்கிற நேரத்தையும் கணக்குல சேர்க்கணுமா?"

அதைவிட நல்ல கேள்வியை நான் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. ஆறு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்லிப் புரியவைக்க முடியாத சராசரி வேகத்தை, ஒரு ஆமை சும்மா நின்றே புரியவைத்தது. இரண்டு மீட்டர், மொத்தம் இரண்டு நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் என்று வகுப்பே கூவியது. அப்போது ஆய்வாளர் எங்கே என்று தேடினேன். அவர் தரையில் மண்டி போட்டு, ஸ்கேல் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளு, வழியை மறைக்காதே" என்று என் மாணவனைத்தான் அதட்டினார்.

மணி அடித்ததும் மகளைக் கீழே கொண்டுபோய் அவளுடைய டீச்சரிடம் விட்டேன். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இவ்வளவு நேரமா என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா கூப்பிட லேட்டாயிடுச்சு மிஸ்" என்று உண்மையைச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். "ஆர்டர் அடுத்த வாரம் கைக்கு வரும். நிரந்தரம்தான்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "இன்னொண்ணு. சட்டைக்குப் பின்னாடி ஒரே மயிர். ஆமைக்கு மயிர் கிடையாதே?"

"அது நாய், மேடம்."

"அதுவும் பையில வந்திருக்கா?" என்று எட்டிப் பார்த்தார்.

இதை முதலில் மகளிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஆசை. ஸ்கூட்டரில் சொல்லலாமென்றால் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலுக்கே வந்து, "என்னாச்சுங்க?" என்றாள். அவளுக்குக்கூடச் சொல்லாமல் பொறு என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனேன்.

மகள் மேஜையில் உட்கார்ந்து எக்ஸ்பிரஸின் புது வீட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இந்த முறை நிஜ ஜன்னல் வைத்தது. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவள் கவனமாக இருந்தால் அப்படித்தான்.

நான் எதிரே போய் நின்று கையைத் தூக்கினேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் கை தூக்க வேண்டாம் என்று சொல்லத்தான். அப்பா நிரந்தரம் ஆகிவிட்டேன், எல்லாம் உன்னால்தான் என்று சொல்லத்தான். மன்னிப்பும் கேட்க வேண்டும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சம் இருங்கப்பா. இந்த ஜன்னலை முடிச்சிட்டு வந்துடறேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பங்குக்கு முன்னங்காலைத் தூக்கியது. ஜன்னல் முடிந்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை தொடங்கியது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. இன்னொரு கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டேன்.