கடைக்காரர் வீட்டு மாடு

குதிரை லாயம் நடத்தும் அவளுக்குப் போன தடவை பட்டதே போதும். பச்சைப்பசேலென்று இருந்த உலர்புல் கட்டை நம்பி வாங்கிப் போனால் நடுவில் பூசணம். தின்ற குதிரைகள் இருமித் தீர்த்தன. இந்த முறை கடையில் கால் வைத்ததுமே, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னாள்.

"பிரிச்சா அப்புறம் விக்காதும்மா. நிறத்தைப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"புல்லுல என்னத்தைப் பெரிசா ஆராய்ச்சி பண்ற? ஏத்திட்டுக் கிளம்புவோம்," என்று புருஷன் வேறு சிடுசிடுத்தான்.

அப்போது கடைக்குப் பின்னால் ஒரு மாடு கத்தியது. அவள் விறுவிறுவென்று அங்கே போனாள். கடைக்காரரின் கறவை மாடு, பளபளவென்று, வெளுத்த நிறத்துப் புல்லை ரசித்து மென்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே அதே புல் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு பிடி உருவிப் பார்த்தாள். மெல்லிய தண்டு, நிறைய இலை, துளி தூசி இல்லை.

"எனக்கு இந்தப் புல்லுதான் வேணும்."

பின்னாலேயே ஓடி வந்த கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. "அது எங்க வீட்டு மாட்டுக்கு எடுத்து வெச்சதும்மா."

"அதனாலதான் கேக்கறேன். முன்னாடி அடுக்கியிருக்கறதுல ஒரு கட்டைப் பிரிச்சு இதுக்குப் போடுங்க. மனசார போட்டீங்கன்னா, மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

கடைக்காரர் மாட்டைப் பார்த்தார். ஆனால் கட்டைப் பிரிக்க அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

புருஷன் வண்டியைப் பின்பக்கம் ஓட்டி வந்தான்.