நோயாளி பேசக்கூடாது

மைதானத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே அவர் அவளுக்கு அப்பா. உள்ளே கால் வைத்துவிட்டால் சார். சட்டத்தைப் போட்டதும் அவர், மீறினால் முறைப்பதும் அவர். ஒரு முகாமில் காய்ச்சலில் உடம்பு கொதித்தபோதுகூட அவள் அவருடைய கூடாரத்துக்கு வெளியே நின்று, "சார், எனக்கு ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

பிழைப்புக்கு அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உயிர்போன ஃப்ரிட்ஜ்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும். அவற்றில் எதைத் திறந்தாலும் குளிர்ச்சி வராது. மடித்து வைத்த கழுத்துத் துணிகளும் கயிற்றுச் சுருள்களும் கூடாரத்து முளைகளும்தான் வரும். சனி, ஞாயிறு ஆனால் பட்டறைக்குப் பூட்டு. காக்கிச் சட்டை, தொப்பி, விசில். சாரணர் படைக்கு மாஸ்டர் ஆகிவிடுவார். அதற்கு யாரும் ஒரு காசு தருவதில்லை. அவரும் கேட்டதில்லை.

மாஸ்டர் பெண்ணுக்கு என்ன குறைச்சல் என்று மற்ற பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கிழிந்த கூடாரம் அவளுக்கு. சமைத்த பாத்திரத்தின் அடியில் ஒட்டியது அவளுக்கு. ஷூ பளபளக்கிறதா என்று பார்க்கும்போது மற்றவர்களை மேலோட்டமாகக் கடந்துபோகிற கண், அவளிடம் வந்ததும் குனிந்து குதிகால் வரை பார்க்கும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: "என் பொண்ணுக்கு சலுகை காட்டுறேன்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது."

முதலுதவி வகுப்பு இன்னும் மோசம். கட்டுப் போட யாராவது அடிபட்டவராகப் படுக்க வேண்டுமே. அடுத்தவர் பிள்ளையைக் கீழே போட்டால் பதில் சொல்ல வேண்டும். சொந்தப் பிள்ளையைப் போட்டால் யார் கேட்பது? எனவே வருஷக்கணக்காக அவளே நோயாளி. இரண்டு கோல்களில் சட்டைகளைக் கோத்துச் செய்த தூக்குப் படுக்கையில் அவளைத் தூக்கி ஓடுவார்கள், நடுவழியில் போடுவார்கள், மறுபடி தூக்குவார்கள். இடுப்பைத் தடவிக்கொண்டு "ஐயோ" என்றால் விசில் பறக்கும். "நோயாளி பேசக்கூடாது!" பிள்ளைகள் அவளுக்கு 'பேஷண்ட்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம் உண்டு. பதினான்கு வயது ஆனவர்கள் படைத் தலைவர் பதவிக்கு நிற்கலாம். பெரிய முகாமில் கொடி பிடித்து முன்னால் நடப்பது தலைவர்தான். அவளுக்குப் பதினான்கு ஆகிவிட்டது.

சனிக்கிழமை தேர்தல் நடந்தது. சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. போட்டியிடுபவர்களின் கோல்கள் சாமான் அறையில் சாத்தியிருக்கும். ஒவ்வொருவராக உள்ளே போய், தனக்குப் பிடித்தவர் கோலில் தன் கயிற்றுத் துண்டை முடிச்சுப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. இந்த முறையைக் கண்டுபிடித்து, அதில் பெருமையும் பட்டுக்கொண்டவர் மாஸ்டர்தான்.

கதவைத் திறந்தபோது, ஒட்டகம் என்று எல்லாரும் கூப்பிடுகிற நெட்டைப் பையனின் கோலில் இரண்டு மூன்று கயிறுகள் தொங்கின. அவளுடைய கோலில் பிடிக்க இடமில்லை.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். பிறகு அவள் கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இது செல்லாது. மாஸ்டர் பொண்ணாச்சேன்னு போட்டிருக்கீங்க. ஒட்டகம்தான் தலைவர்."

"சார், நானே அவளுக்குத்தான் சார் கட்டினேன்" என்றான் ஒட்டகம்.

"உன்னை யாரும் கேக்கல."

அவளுக்குக் காதுமடல் வரை சூடேறியது. மற்ற நாளாக இருந்தால் அழுதிருப்பாள். அன்று அழுகை வரவில்லை. அவர் விரல்கள் முடிச்சுகளை எவ்வளவு சுலபமாகப் பிரிக்கின்றன என்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "சார், தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டாள்.

"வீட்ல என்ன சார்?"

"வேற எப்படிக் கூப்பிடறது? உங்களுக்குத்தான் பொண்ணே கிடையாதே. இருந்தா ஓட்டு செல்லாமப் போயிடுமே சார்."

"பாப்பா, புரிஞ்சுக்கோ. நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"எந்த நாலு பேர்? பேரச் சொல்லுங்க. இப்பவே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அம்மா மறுநாளைக்கான கழுத்துத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "எனக்கும் கல்யாணமான நாள்லேர்ந்து அந்த நாலு பேரைப் பாத்துடணும்னு ஆசை. ஒருநாளாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் பெற்றோர் தினம். மைதானத்தைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூடாரம் அடித்துக் காட்டினார்கள், கயிற்றுப் பாலம் கட்டிக் காட்டினார்கள். அடுத்தது முதலுதவி. மாஸ்டர் விசிலை ஊதினார்.

"நோயாளி எங்கே? வந்து படு."

அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். படுக்கவில்லை.

"நான் படுக்க மாட்டேன், அப்பா."

அந்த மைதானத்தில் அந்தச் சொல் அதற்குமுன் கேட்டதே இல்லை. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது.

"இங்க என்னை என்னன்னு கூப்பிடணும்?"

"நேத்து முடிச்சை அவுத்தப்ப நீங்க சார் இல்ல, அப்பா. சாரா இருந்தா எண்ணியிருப்பீங்க."

நாற்காலிகளில் முணுமுணுப்பு. மாஸ்டர் அவசரமாக வரிசையைப் பார்த்தார். "சரி, வேற யாராவது படுங்க. குட்டி, நீ வா."

படையிலேயே இளையவளான குட்டியின் அம்மா எழுந்தே விட்டாள். "வேண்டாம் சார், அவளைத் தூக்கும்போது கீழ போட்டுடுவாங்க." இன்னொரு அப்பா, "எங்க பையனுக்கு ஏற்கெனவே முதுகுவலி சார்" என்றார். ஒட்டகம் தானாக வந்து தூக்குப் படுக்கையில் படுத்துப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் புல்லில் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் அவள். "யார் வீட்டுப் பிள்ளையும் கீழ விழக்கூடாது. நான் மட்டும் விழலாம். இதுக்குப் பேர்தான் சலுகை காட்டாம இருக்கறதா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "சரி, நானே படுக்கிறேன். ஒட்டகம், ஆரம்பிடா."

"தலைவராச் சொல்றேன் சார்" என்றான் ஒட்டகம். "கட்டுப் போடறது அவதான்."

அவள் மண்டியிட்டாள். வலது முன்கை அசையாதபடி சிம்புக் குச்சி வைத்துச் சுற்றினாள். முக்கோணத் துணியைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தூளி போட்டாள். எங்கே இறுக்கினால் விரல் மரத்துப்போகும், எங்கே தளர்த்தினால் கை சரியும் என்பதை அவள் உடம்பே அறிந்திருந்தது. ஆத்திரம் குறையவில்லை, ஆனால் கட்டில் அது தெரியவில்லை. இடக்கைக்கு வந்தாள்.

"போதும், ஒரு கைதான் ஒடிஞ்சிருக்குன்னு வச்சுக்கோ..." என்று ஆரம்பித்தார் அவர்.

"நோயாளி பேசக்கூடாது!" என்று படை முழுக்க ஒரே குரலில் கத்தியது. பெற்றோர் சிரித்துவிட்டார்கள்.

இரண்டு கையும் மார்போடு கட்டாகிவிட்டது. அப்போது ஒட்டகம் சாமான் அறைக்கு ஓடி, அவளுடைய கோலை எடுத்துவந்து, மாஸ்டரின் கண்ணெதிரே புல்லில் நட்டான். இடுப்பிலிருந்த கயிற்றை உருவி அதில் ஒரு முடிச்சுப் போட்டான். பின்னாலேயே குட்டி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வரிசை கட்டினார்கள். இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. யார் போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

மாஸ்டர் எழ முயன்றார். எழ முடியவில்லை.

நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னங்க, இப்ப முடிச்சை அவிழுங்க பாப்போம்!"

சிரிப்பு அடங்கியதும் அவர் மகளைப் பார்த்தார். பிறகு கட்டைப் பார்த்தார். முடிச்சு ஒவ்வொன்றும் தட்டையாக, உறுத்தாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. குறை கண்டுபிடிக்கப் பழகிய கண் மேலும் கீழும் போய்விட்டு வெறுமனே திரும்பியது.

"கட்டு நல்லாருக்கு" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"திட்டுறதெல்லாம் விசில் ஊதித் திட்டுவீங்க. இது மட்டும் காதோட காதாவா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கட்டு நல்லாருக்கு!" என்றார் உரக்க.

"அது எனக்கே தெரியும். ஓட்டு?"

குட்டியின் கயிறு கோலின் உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

"ஓட்டு..." என்று இழுத்தார். அவள் கைகட்டிக் காத்திருந்தாள். "செல்லும்" என்றார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல, அப்பா."

"செல்லும்! செல்லும்! என் பொண்ணுதான் தலைவர்! போதுமா? அவுத்து விடு!"

அவள் முதலில் போய் முடிச்சுகளை எண்ணினாள். பிறகுதான் அவரிடம் திரும்பி வந்தாள்.