எல்லாம் நன்று

தையல்காரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். ஆனால் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அந்த வாயிலிருந்து வராது. சொன்னால் பலித்துவிடுமாம். ஒன்பது வயதுப் பெண் சர்க்கரை நோய்க்கு நாளுக்கு நான்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். இதற்கு மேல் பலிக்க என்ன இருக்கிறது?

ஊசிக்குப் பதிலாக இடுப்பில் மாட்டிக்கொள்ள இன்சுலின் பம்ப் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அது தேவையில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் போட்டது. தையல்காரி கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தாள். மாதாமாதம் பரிசோதனைக்கு வரும்போது தையல்காரியே நிரப்பிய படிவங்கள். தூக்கம்? நன்று. பள்ளி? நன்று. மயக்கம்? இல்லை.

"அக்கா, எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் பம்ப் எதுக்குன்னுதானே கேப்பாங்க?"

"பெத்தவ கையால எப்படிம்மா அதையெல்லாம் எழுதுறது?"

"எழுதித்தான் ஆகணும். மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். டாக்டர் கடிதம் நான் வாங்கித் தரேன். வீட்ல நடக்கிறதை நீங்க எழுதுங்க. தேதி போட்டு, உள்ளது உள்ளபடி."

வீட்டுக்கு வந்து, துணி வெட்டும் மேஜையில் தாளை விரித்தாள். அளவில் நூல் பிசகாத கைக்குப் பேனா பிடித்ததும் வியர்த்தது. 'என் மகள்' என்று எழுதியதோடு ஒரு மணி நேரம் போயிற்று. பள்ளி விட்டு வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"நான் சொல்றேன், நீ எழுதும்மா. இந்த மாசம் ஸ்கூல்ல நாலு தடவை மயக்கம் வந்துச்சு."

"ஒரு தடவைன்னுதானேடி சொன்னே?"

"நீ எல்லார்கிட்டயும் நான் நல்லா இருக்கேன்னு சொல்றே. அதான் நானும் உங்கிட்ட அப்படியே சொல்லிட்டேன்."

தன் வாய்ப்பூட்டைப் பிள்ளைக்கும் போட்டுவிட்டோமே என்று தையல்காரி அழுதாள். அழுதுகொண்டே எழுதினாள். மூன்று பக்கம் ஆயிற்று.

மேல்முறையீடு பலித்தது, ஐந்தாவது வாரம் பம்ப் வந்தது. அடுத்த மாதம் கவுன்டர் பெண், "எப்படி இருக்கா?" என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் திறந்த வாயை மூடிக்கொண்டு தையல்காரி மகளைப் பார்த்தாள்.

"மாட்டின இடம் நேத்து வலிச்சுது. இன்னைக்கு நல்லா இருக்கேன்," என்றாள் மகள்.

இந்தத் தடவை தையல்காரி அதை நம்பினாள்.