பலித்த ஊகம்

அவசரப் பிரிவுக்கு ஒரு தையல்காரி வந்தபோது காலை பத்தரை. நெஞ்சில் பாரம், இடது தோளில் வலி என்றாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. நாடிகூடப் பிடிக்கவில்லை.

"வீட்ல சண்டையா? பொம்பளைங்க நெஞ்சு வலின்னு வந்தா பாதி பயம்தான். இதயத்துல ஒண்ணுமில்ல. மாத்திரை எழுதறேன், போம்மா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தவள்.

"ஒரு ஈசிஜி எடுத்துடலாமே டாக்டர்."

"எனக்குத் தெரியும் சிஸ்டர்."

மாத்திரைச் சீட்டோடு வாசல்வரை போய்விட்டவளை நர்ஸ் திரும்ப அழைத்து வந்தாள். தானே ஈசிஜி எடுத்து, இதயப் பிரிவு மருத்துவரிடம் கொண்டுபோனாள். அவர் ரத்தமும் பரிசோதிக்கச் சொன்னார். மத்தியானம் முடிவு வந்தது: இதயத்தில் கோளாறு இல்லை. நாள் முழுக்க மெஷின்மேல் குனிந்ததில் தோள் தசை பிடித்திருந்தது.

"இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்றாள் தையல்காரி.

டாக்டர் அந்த முடிவுக் காகிதத்தை எல்லார் முன்னாலும் ஆட்டிக் காட்டினார். "நான் சொன்னது உண்மையாச்சா, இல்லையா?"

"ஆச்சு" என்றாள் நர்ஸ். "ஆனா உங்களுக்குத் தெரியாது டாக்டர். தொட்டுப் பாக்கல, ஒரு கேள்வி கேக்கல. காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு."

மறுநாள் நர்ஸுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நர்ஸுகளின் கண்காணிப்பாளர் அம்மாள் தணிவாகத்தான் பேசினாள்.

"அவர் சொன்னது சரியாத்தானே இருந்துச்சு? மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேன்மா."

நர்ஸ் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"சரியா இருந்ததுதான் மேடம் வினை. தப்பாயிருந்தா அடுத்த தடவை நாடியாவது பிடிச்சிருப்பார். இனிமே 'எனக்குத் தெரியும்'னு இன்னும் சத்தமாச் சொல்வார். அடுத்து வர்றவளுக்கும் பனம்பழம் விழுமா?"

பேனாவை வாங்கி எழுதினாள்: 'உத்தரவில்லாமல் பரிசோதனை எடுத்ததற்கு மன்னிக்கவும். டாக்டருக்குத் தெரியாது என்று சொன்னது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.'

அவளை ஆஸ்பத்திரித் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். டாக்டர் அதே நாற்காலியில் இருந்தார்.

விஷயம் கேட்ட கணவன் சிரித்துவிட்டான். "சரியாச் சொன்ன மனுஷனோட சண்டை போட்டு வார்டை விட்டு வந்தவ நீ ஒருத்திதான்டி."

"அவர் சரியாச் சொல்லல. சொன்னது சரியாப் போச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலேன்னா உனக்கு நெஞ்சு வலிச்சா அவர்கிட்டயே போ."