பதினோராம் பக்கத்துத் தண்ணீர்

எங்கள் பொலிவியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளின் நடையைத் திருத்துவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் எந்த ஆய்வேடும் அச்சேறாது. கேட்கப் பெரிய அதிகாரம் போலிருக்கும், எல்லாம் பேருக்குத்தான்.

செவெரினா டிகோனா என்ற மாணவி சுல்பாரா ஊர்க் கிணற்றை ஆராய்ந்தாள். தண்ணீரில் ஆர்செனிக் நஞ்சு. "இதைக் குடிக்கக் கூடாது, காய்ச்சினாலும் நஞ்சு போகாது" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். எழுதினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நடுவர் குழுத் தலைவர் டாக்டர் லாண்டிவாருக்குப் பிடிக்கவில்லை. இது ஆய்வா, மருந்துக்கடை நோட்டீஸா என்று கேட்டார். படித்தவுடன் புரிந்துவிட்டால் அதில் ஆழமில்லை என்பது அவர் கட்சி. அந்த வரி பதினோராம் பக்கத்துக்குப் போய், ஒன்பது வரி நீள வாக்கியமாக ஊதிப் பெருத்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். செவெரினாவே கெஞ்சினாள்.

"போட்டுடுங்கக்கா. பட்டமே இல்லாதவ பேச்ச யாரு கேப்பா?"

போட்டுத் தொலைத்தேன்.

பிப்ரவரியில் சுல்பாரா ஊர்த்தலைவர் லியோகாடியோ, நன்றி சொல்லப் பாலாடைக்கட்டியோடு வந்தார். ஊர்ச்சபையில் ஆய்வேட்டை நாலு மணி நேரம், ஒரு வரி விடாமல் வாசித்தார்களாம். கைதட்டினார்களாம். இனித் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் விட்டார்களாம்.

காய்ச்சிச் சுண்டினால் நஞ்சு இன்னும் கூடும் என்றேன். பதினோராம் பக்கத்தைப் புரட்டி வாசித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை எனக்கே நாக்குக் குழறியது.

வெள்ளைத் தாளில் "குடிக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், முத்திரை எங்கே என்றார். முத்திரையிட்ட தாள் இல்லாமல் சபைத் தீர்மானத்தை மாற்ற அந்த ஊர் ஒப்பாது. முத்திரை டாக்டர் லாண்டிவாரின் மேசையில். ஓடினேன். ஆய்வேட்டில்தான் எல்லாம் இருக்கிறதே, படிக்கட்டும் என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். லியோகாடியோ என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உங்கள நம்புறேம்மா. என் வீட்டுல இன்னைக்கே நிறுத்திடறேன்," என்றார். "மத்த நூத்தி நாப்பது வீட்டுக்கு நான் எதக் காட்டுறது?"