ஒரு தலை, நாலு விலை

ஹார்டுவேர் கடைக்கு ஆணி, பூட்டு, கீல் எல்லாம் கொள்முதல் செய்வது என் வேலை. பதினாறு வருடமாக அடித்துப் பேசி விலையை இறக்கியே பழக்கம். அப்படிப்பட்டவளின் கணவருக்குத்தான் தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். லிஃப்ட் மெக்கானிக்கான இவருக்குக் கிறுகிறுப்பு வந்தால் சும்மா விட முடியுமா?

இவரோ, யானை விலை குதிரை விலை சொல்வார்கள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று ஒரே பிடியாக நின்றார். மூன்று வாரம் சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது. இப்படியும் ஒரு கஞ்சத்தனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதல் ஸ்கேன் சென்டரில் பன்னிரண்டாயிரம். இரண்டு தெரு தள்ளி ஏழாயிரம். அதே தலை, அதே படம்! மூன்றாவது இடத்தில் காலையில் ஒன்பது சொன்னார்கள். மதியம் வேறொரு பெண் எடுத்து ஆறரை என்றாள். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஆறரையைச் சொல்லி அந்த ஏழாயிரத்தை ஐந்தரைக்கு இறக்கினேன். நாலாவது இடத்தில், விடிந்ததும் வந்தால் நாலாயிரம் என்றார்கள். எல்லாம் சேர்த்துத்தானே என்று இரண்டு முறை கேட்டேன். சேர்த்துத்தான் என்றார்கள். சமையலறையில் ஒரு ஆட்டமே போட்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் இவரை உள்ளே அனுப்பிவிட்டு, கோட்டையைப் பிடித்தவள் மாதிரி வெளியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஸ்கேன் எடுப்பவர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு இடம் தெளிவாக இல்லையாம். ஊசியில் மருந்து ஏற்றி மறுபடி எடுக்க வேண்டுமாம். அதற்குத் தனியாக ஐயாயிரம். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் படுக்கையை விட்டு இறங்கிச் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"அவ்வளவு ஆகும்னா வேணாம். கிளம்பலாம்."

குரலில் அப்படியொரு நிம்மதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர் செலவுக்குப் பயப்படவில்லை. மூன்று வாரமாக விலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். நானோ ஆனந்தமாக விலையை இறக்கி, அவர் ஒளிந்த இடத்தையே இல்லாமல் செய்திருக்கிறேன். ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. மருந்தை ஏற்றச் சொன்னேன்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"உள்ள ஏதாவது இருந்துட்டா?"

"இருந்தா, அதை யாரு நல்லா பாப்பாங்கன்னு நாளைக்கே போன்ல உக்காந்துருவேன். நீங்க படுங்க."